காலா, கையா: ஒரு கொரிய மெய்யைத் தவறாகக் கேட்ட நிகழ்வு

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் கொரிய மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது நடந்தது இது. இரவு ஷிப்ட். கிடங்கிலிருந்து ஒரு இளம் கொரியப் பொறியாளர் போனில் கூப்பிட்டார். பெட்டி சரிந்து ஒரு பையனுக்கு அடிபட்டுவிட்டது, முதலுதவிக்கு ஆள் அனுப்புங்கள் என்றார். எங்கே அடி என்று கேட்டேன். அவர் சொன்ன சொல் என் காதில் 'கை' என்று விழுந்தது. அப்படியே முதலுதவி அறைக்குச் சொன்னேன். கைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு அவர்கள் ஓடினார்கள். போய்ப் பார்த்தால் அந்தப் பையன் ஒரு பக்கத்துக் காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறான், பாதம் வீங்கியிருக்கிறது. சக்கர நாற்காலி எடுத்துவர இன்னொரு நடை போக வேண்டியதாயிற்று.

எலும்பு முறியவில்லை. ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டான். ஆனால் வீணாய்ப்போன அந்தப் பத்து நிமிடம் என் மனதை விட்டுப் போகவில்லை. ஐந்து வருடம் படித்த மொழியில் காலுக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது எப்படி என்று தோண்ட ஆரம்பித்தேன். தோண்டத் தோண்ட, தென்கொரியத் தலைநகரான சோல் நகரத்துப் பேச்சில் அறுபது எழுபது வருடமாக மெல்ல மெல்ல நடந்துகொண்டிருக்கும் ஒரு மாற்றத்தின் நடுவில்தான் நான் போய் நின்றிருக்கிறேன் என்று தெரிந்தது. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

மூன்று ப

கொரியத்தில் சொல்லின் முதலில் வரும் ப மூன்று வகை. பள்ளிக்கூடத்தில் அவர்கள் சொல்லும் பெயர்களைத் தமிழாக்கினால் சாதாரண ஒலி, கெட்டி ஒலி, முரட்டு ஒலி. கெட்டிக்கு அவர்கள் போடும் 'தொயென்' என்ற சொல்தான் தொயென்ஜாங் என்ற சோயா விழுதின் பெயரிலும் இருக்கிறது. மாவு கெட்டியாக இருக்கிறது என்று நாம் சொல்வோமே, அந்தக் கெட்டி. இந்தக் கட்டுரையில் சாதாரண ஒலியை பல் என்றும், கெட்டி ஒலியை ப்பல் என்றும், முரட்டு ஒலியை ப்ஹல் என்றும் எழுதுகிறேன். தமிழ் எழுத்தில் இதற்கு மேல் நெருங்க முடியாது.

பல் என்றால் பாதம். ப்ஹல் என்றால் தோளிலிருந்து இறங்கும் கை. ப்பல்லி என்றால் சீக்கிரம். ப்பல்லி ப்பல்லி என்ற விரட்டல் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் வேலை பார்த்த பலருக்கும் பழக்கம்தான். இதே மூன்று வரிசை க, த, ச மூன்றுக்கும் உண்டு. தல் நிலா, த்தல் மகள், த்ஹல் முகமூடி.

இங்கே நம் காதுக்கு முதல் சிக்கல். சொல்லின் முதலில் வரும்போது இந்த மூன்றிலும் குரல் அதிர்வு கிடையாது. 'பந்து' என்பதில் வரும் ப, 'பஸ்' என்பதில் வரும் ப என்று நாம் பேச்சில் காட்டும் வேறுபாடு இங்கே உதவாது. மூன்றுக்கும் உதடு ஒரே இடத்தில் மூடி ஒரே இடத்தில் திறக்கிறது. பக்கத்தில் வரும் உயிரோடு அந்த மெய் எப்படிப் பொருந்துகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

உதடு திறந்த கணத்துக்கும் குரல்நாண்கள் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருக்கும். மூச்சு மட்டும் போகும் நேரம் அது. 1964இல் லீ லிஸ்கர், ஆர்தர் ஏப்ராம்சன் என்ற ஒலியியல்காரர்கள் இருவரும் பதினொரு மொழிகளில் இந்த இடைவெளியை அளந்து வெளியிட்டார்கள். அந்தப் பதினொன்றில் கொரியமும் உண்டு, தமிழும் உண்டு. கொரியத்துக்கு அவர்கள் கண்ட சராசரி: கெட்டி ப 7 மில்லிவினாடி, சாதாரண ப 18, முரட்டு ப 91. க வரிசையில் 19, 47, 126. நம் இலக்கணத்தில் ஒரு மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம், மெய்க்கு அதில் பாதி. இந்த இடைவெளிகள் அந்தப் பாதியிலும் ஒரு பங்குதான். ஆனால் முரட்டு ஒலி மற்ற இரண்டிலிருந்தும் எவ்வளவு விலகி நிற்கிறது என்று பாருங்கள்.

இது ஏன் இப்படி என்பதற்கு 1970இல் சின்-வூ கிம் கொடுத்த விளக்கம் எனக்கு இன்றும் பிடித்தது. தொண்டைக்குள் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து அவர் சொன்னார்: உதடு திறக்கும் அந்த நேரத்தில் குரல்வளை எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் மூச்சின் நீளம். முரட்டு ஒலிக்குக் குரல்வளை அகலத் திறந்திருக்கும். அது மூடி, நாண்கள் ஒன்றையொன்று நெருங்கி அதிர்வதற்கு நேரமாகும். கெட்டி ஒலிக்கு ஏற்கெனவே அநேகமாக மூடியே இருக்கும், அதனால் உதடு திறந்ததும் உயிர் வந்துவிடும். சாதாரண ஒலி நடுவில். கதவு எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு நேரம் அதைச் சாத்துவதற்கு. மூச்சு என்று தனியாக ஒரு பொருளை மெய்யோடு சேர்க்க வேண்டியதில்லை. அது நேரக்கணக்கின் விளைவு.

மேசையில் வைத்துப் பார்த்தது

எனக்குக் கொரியம் சொல்லிக்கொடுத்தவர் சோலில் பிறந்து வளர்ந்த எழுபது வயது அம்மா. வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். ப்ஹல் என்றால் காகிதம் பறக்கும், பல் என்றால் லேசாக அசையும், ப்பல் என்றால் அசையவே அசையாது. அவர் வாயில் அது அச்சுப் பிசகாமல் நடக்கும். தொழிற்சாலையில் எங்கள் மேலாளரும் அறுபதை நெருங்கியவர், அவரும் சோல்காரர். அவர் பேச்சில் எனக்கு ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை.

விபத்துக்கு அடுத்த வாரம் அந்த இளம் பொறியாளரிடம் போய், கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த இரண்டு சொல்லையும் சொல்லுங்கள் என்று காகிதத்தை நீட்டினேன். பல் என்றார், காகிதம் நன்றாகவே அசைந்தது. ப்ஹல் என்றார், அதே மாதிரி அசைந்தது. அவருக்கே ஆச்சரியம். எனக்கு அது ஆச்சரியத்துக்கும் மேலே. ஐந்து வருடமாக நான் நம்பியிருந்த அளவுகோல் இவரிடம் வேலை செய்யவில்லை.

அப்புறம் இருவரிடமும் அனுமதி கேட்டு, ஒரே சொல்பட்டியலைப் படிக்கவைத்துப் பதிவு செய்தேன். பிராட் என்று ஒரு மென்பொருள் உண்டு. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பவுல் போயர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் எழுதி இலவசமாகக் கொடுத்தது. அதில் ஒலியைத் திறந்து பெரிதாக்கினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். முதலில் தட்டையான கோடு, அது உதடு மூடிய அமைதி. பிறகு ஊசி குத்தியதுபோல ஒரு கூர்மை, அது உதடு திறந்த கணம். அதற்குப் பின் ஒழுங்கில்லாத சிறு மயிர்ச்சிலிர்ப்பு, அதுதான் மூச்சு. கடைசியில் சீப்பின் பற்கள்போல ஒரே சீராக எழும் அலைகள், அது உயிர். ஊசிக்கும் முதல் சீப்புப் பல்லுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று சுட்டியால் இழுத்துப் பார்த்தால் போதும்.

மேலாளர் சொன்ன 'பல்' என்ற சொல்லில் அந்தச் சிலிர்ப்பு குறுகலாகவும், ப்ஹல்லில் நீளமாகவும் இருந்தது. பொறியாளரிடம் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் எது எது என்று சொல்ல முடியாது. சரி, அப்படியானால் கொரியர்கள் எப்படிப் பிரித்துக் கேட்கிறார்கள்? அவர் பேச்சை மேலாளர் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டதில்லையே.

பதில் ஊசியிலும் இல்லை, சிலிர்ப்பிலும் இல்லை. சீப்புப் பற்களில் இருந்தது. பிராட்டில் சுருதியைக் காட்டும் நீலக்கோட்டைப் போட்டதும் பளிச்சென்று தெரிந்தது. பொறியாளரின் பல்லில் உயிர் தாழ்வாகத் தொடங்குகிறது. ப்ஹல்லில் அதே உயிர் வெகு மேலே தொடங்குகிறது. மேலாளரிடமும் இந்த வித்தியாசம் உண்டு, ஆனால் அவ்வளவு அகலமில்லை. மெய்யின் அடையாளத்தை அந்த இளைஞர் மெய்யில் வைக்கவில்லை, அதை அடுத்து வரும் உயிரின் தலையில் ஏற்றிவைத்திருந்தார்.

சோல் பேச்சுக்கு நடப்பது

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. ஒலியியல்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். 2006இல் டேவிட் சில்வா வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சுமார் 1965க்கு முன் பிறந்த சோல்காரர்களிடம் சாதாரண ஒலிக்கும் முரட்டு ஒலிக்கும் இடைவெளி வேறாக இருக்கிறது. அதற்குப் பின் பிறந்தவர்களிடம் இரண்டும் நெருங்கி ஒன்றாகிக்கொண்டே வருகிறது, வேறுபாட்டின் சுமை சுருதிக்கு மாறிவிடுகிறது. 2014இல் யூன்ஜங் காங் ஒரு பெரிய வாசிப்புப் பதிவுத் தொகுப்பை எடுத்துப் பார்த்து, இந்த மாற்றத்தில் பெண்கள் ஆண்களுக்கு முன்னால் போனார்கள் என்று காட்டினார். 2018இல் ஹே-யங் பாங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் இன்னும் நுணுக்கமாக ஒன்றைக் கண்டார்கள். அடிக்கடி புழங்கும் சொற்களில் மாற்றம் முன்னேறியிருக்கிறது. அதோடு, மெய்க்குப் பின் இ, உ போல நாக்கு உயரும் உயிர்கள் வரும்போது மாற்றம் பின்தங்குகிறது, அ போன்ற உயிர்கள் வரும்போது முந்துகிறது. மெய்யின் தலைவிதியைப் பக்கத்து உயிர் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. பல், ப்ஹல் இரண்டிலும் வருவது அ. இரண்டும் நாள் முழுக்கப் புழங்கும் சொற்கள். நான் சறுக்கிய இடம், சறுக்கல் அதிகம் உள்ள இடமாகவே இருந்திருக்கிறது.

கேட்பவர்கள் பக்கம் 2002இல் கிம், பெடர், ஹாரக்ஸ் என்ற மூவர் செய்த சோதனை இருக்கிறது. சொற்களின் மெய்ப் பகுதியையும் உயிர்ப் பகுதியையும் வெட்டி, மாற்றி ஒட்டிக் கொரியர்களுக்குப் போட்டுக்காட்டினார்கள். சாதாரண ஒலியிலிருந்து எடுத்த, தாழ்ந்த சுருதியில் தொடங்கும் உயிரை வேறு மெய்யோடு ஒட்டினாலும் கேட்டவர்கள் பெரும்பாலும் சாதாரண ஒலி என்றே சொன்னார்கள். அதாவது ஊசியையும் சிலிர்ப்பையும் வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து வைத்தாலும், உயிரின் தொடக்கம் பேசியது.

உயிர் ஏன் மேலே தொடங்க வேண்டும்? முரட்டு ஒலிக்கும் கெட்டி ஒலிக்கும் குரல்நாண்கள் விறைப்பாக இருக்கின்றன. விறைத்த தந்தி மேல் சுருதியில்தான் ஒலிக்கும், வீணை வாசிப்பவருக்குச் சொல்லவே வேண்டாம். சாதாரண ஒலிக்கு நாண் தளர்ந்திருக்கிறது, உயிர் கொஞ்சம் மூச்சு கலந்து, தாழ்வாகத் தொடங்குகிறது. ஒரு காலத்தில் இது உடலமைப்பின் துணைவிளைவாக மட்டும் இருந்திருக்கும். இன்று இளையவர்கள் அதையே முதன்மை அடையாளமாகப் பயன்படுத்துகிறார்கள்.

இது தனிச்சொல்லோடு நிற்கவில்லை. சோல் கொரியத்தில் சொற்கள் சிறு சிறு தொடர்களாகக் கட்டப்பட்டு, ஒவ்வொரு தொடருக்கும் ஒரு இசை இருக்கும். சன்-ஆ ஜுன் 1993இல் வகுத்த விவரிப்பின்படி, தொடர் கெட்டி ஒலியிலோ முரட்டு ஒலியிலோ தொடங்கினால் முதல் அசை உயரும். மற்றபடி பெரும்பாலும் தாழ்வாகத் தொடங்கும். அன்றிரவு போனில் வந்தது 'பருல்' என்ற வடிவம், 'பாதத்தை' என்று பொருள். (அந்த ரு நம் குற்றியலுகரத்துக்கு மிக நெருங்கிய உயிர். 'நாடு' என்பதன் கடைசி உகரத்தைப் போல உதடு குவியாமல் சொன்னால் போதும், நமக்கு இதில் கஷ்டமே இல்லை.) பருல் என்றால் கீழிருந்து மேலே ஏறும். ப்ஹருல் என்றால் மேலேயே தொடங்கி மேலேயே நிற்கும். ஏறியதா, நின்றதா என்று கேட்டிருந்தாலே போதும். நான் மூச்சைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதையும் போனில் தேடினேன். சாதாரணத் தொலைபேசி வழி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். மூச்சின் உயர்ந்த அதிர்வெண் பகுதி அதில் வெட்டுப்பட்டுப் போகிறது. சுருதியோ, அடி அதிர்வெண் வெட்டுப்பட்டாலும் அதன் மடங்குகளிலிருந்து காது மீட்டெடுத்துக்கொள்ளும். போன் எனக்கு அனுப்பிவைத்தது சுருதியை.

என் வாயின் கணக்கு

காதின் தவறு தெரிந்ததும் வாயையும் சோதித்தேன். நான் பல் என்று சொல்லும்போது மேலாளர் சில சமயம் புருவத்தைச் சுருக்குவார். அவருக்கு அது ப்பல் என்று கேட்டிருக்கிறது. காரணம் அதே 1964 அட்டவணையில் இருக்கிறது. தமிழின் சொல்முதல் ப, த, க மூன்றின் இடைவெளியும் 25 மில்லிவினாடிக்குள் அடங்கிவிடும். நாம் 'பழம்', 'கல்' என்று சொல்லும்போது மூச்சு வெளியேறுவதே இல்லை. கொரியக் கணக்கில் அது கெட்டி ஒலியின் இடம். ஒரு தமிழர் தன் ஊர் ப-வைக் கொண்டு 'பல்' என்றால் கொரியரின் காதில் அது கெட்டி ஒலியாகப் போய் உட்காருவது இயல்பு. கொரியம் கற்கும் நம்மவர்களுக்குப் பாடநூல்கள் 'சாதாரண ஒலி தமிழ் ப மாதிரி' என்று சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தமிழ் ப கெட்டி ஒலிக்குத்தான் நெருக்கம். சாதாரண ஒலிக்குக் கொஞ்சம் மூச்சு விட வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும்.

இதே கதை ஸ போலச் சீறும் இன்னொரு ச-விலும் உண்டு. சல் என்றால் தசை, ச்சல் என்றால் அரிசி. இரண்டிலும் பல்லிடுக்கில் சீறும் ஓசை இருக்கிறது. சாதாரண ச-வில் சீறல் முடிந்த பிறகு உயிர் வருவதற்குள் ஒரு சிறு மூச்சு நுழைகிறது. கெட்டி ச-வில் சீறலும் உயிரும் முட்டிக்கொண்டு நிற்கும், நடுவே காற்றுக்கு இடமில்லை. கடையில் அரிசி கேட்கும்போது அந்த இடத்தை அடைத்துவிட்டால் போதும். (தமிழில் 'ச்ச' என்று எழுதினாலும் நம் 'பச்சை'யின் ச்ச அல்ல இது, ஸ-வின் இறுக்கம்.)

சொல்லுக்குள் போனால்

இனி இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மேலே சொன்னதெல்லாம் தொடரின் முதலில் வரும் மெய்க்குத்தான். அதே மெய் இரண்டு உயிருக்கு நடுவில் போய்விட்டால் ஆட்டமே மாறிவிடும். அங்கே நேரக்கணக்கு இன்னும் முழு பலத்தோடு ஆட்சி செய்கிறது.

'அகா' என்றால் குழந்தை, 'அக்கா' என்றால் சற்று முன்பு. 'இதா' என்றால் இன்னதாக இருப்பது, 'இத்தா' என்றால் இருக்கிறது, உண்டு என்று பொருள். இரண்டு உயிருக்கு நடுவில் சாதாரண ஒலி குரல் பெற்றுவிடுகிறது, அடைப்பு, அதாவது வாய் மூடியிருக்கும் நேரம், குறுகி, வேகமாகப் பேசும்போது தேய்ந்தும் போகிறது. கெட்டி ஒலியின் அடைப்பு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் நீள்கிறது. முரட்டு ஒலியின் அடைப்பும் நீளம்தான், ஆனால் கெட்டி ஒலி அளவுக்கு இல்லை. கூடவே மூச்சும் உண்டு. முந்திய உயிர் இதற்கு ஈடுகொடுக்கிறது. அடைப்பு நீண்டால் முன்னால் உள்ள உயிர் சுருங்குகிறது, அடைப்பு குறுகினால் உயிர் நீள்கிறது. 'அகா'வின் முதல் அ, 'அக்கா'வின் முதல் அ-வைவிட நீளம். எழுத்தில் இது எங்குமே தெரியாது. பிராட்டில் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கும் இரண்டு பேர் ஒரு போர்வையை இழுத்துக்கொள்வது மாதிரி இருக்கிறது.

தமிழ்க் காதுக்கு இது சொந்த வீடு. 'பகல்' என்பதில் ஒற்றைக் ககரம் தேய்ந்து குரலோடு வருகிறது, 'பக்கம்' என்பதில் இரட்டித்த ககரம் குரலில்லாமல் நீண்டு நிற்கிறது. ஒரே எழுத்து, இடத்தைப் பொறுத்து இரண்டு ஒலி. கொரியரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். 1446இல் அரசர் சேஜோங் வெளியிட்ட எழுத்துமுறையில் சாதாரண ககரத்துக்கு ஒரு வடிவம், அதில் ஒரு கோடு சேர்த்தால் முரட்டு ஒலி, அதையே இரட்டித்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் இன்றைய வழக்கில் கெட்டி ஒலி. இந்த மூன்றாவதை முதல் முறை பார்த்தபோது நம் ஒற்றெழுத்து நினைவுக்கு வந்தது, அந்தச் சந்தோஷம் இன்னும் இருக்கிறது. அந்தக் காலத்தில் எழுத்தின் இடப்பக்கம் புள்ளி வைத்துச் சுருதியையும் குறித்தார்கள். புள்ளி இல்லையென்றால் தாழ்வு, ஒன்று என்றால் உயர்வு, இரண்டு என்றால் ஏற்றம். பின்னாளில் சோல் பேச்சில் அந்தச் சுருதிகள் மறைந்தன, புள்ளிகளும் போயின. ஏற்றச் சுருதி இருந்த இடத்தில் நெட்டுயிர் மட்டும் தங்கியது. 'நுன்' என்று குறுக்கிச் சொன்னால் கண், 'நூன்' என்று நீட்டினால் பனி. இன்றைய இளையவர்கள் அந்த நீளத்தையும் விட்டுவிட்டார்கள். அகராதியில் நீளக்குறி நிற்கிறது, வாயில் இல்லை.

சொல்லுக்குள் இன்னொரு நேரச் சிக்கலும் உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முரட்டு ஒலிக்குப் பின் இ, உ போன்ற குறுகிய உயிர் வந்து, அதற்குப் பின்னும் இன்னொரு முரட்டு ஒலி வந்தால், நடுவில் உள்ள உயிர் சில சமயம் குரலே இல்லாமல் மூச்சாகப் போய்விடும். 'த்ஹுப்ஹ்யோ' என்றால் வாக்களிப்பு, அதில் முதல் உகரத்தைச் சிலர் பேச்சில் தேடத்தான் வேண்டும். குரல்வளை முதல் மெய்க்காகத் திறக்கிறது, மூடுவதற்குள் அடுத்த மெய்க்காக மறுபடி திறக்க வேண்டியிருக்கிறது. உயிருக்கு மூடிய நேரம் கிடைப்பதில்லை. சன்-ஆ ஜுனும் மேரி பெக்மனும் 1993இல் இதை உயிரின்மேல் மெய்களின் அசைவு ஏறிப் படிவதாக விளக்கினார்கள்.

வலதா, இடதா

இப்போது மறுபடி அந்த இரவுக்கு வருகிறேன். பல்லையும் ப்ஹல்லையும் சொல்லின் முதலில் நிறுத்தினால்தானே எனக்குக் குழப்பம்? அவற்றைச் சொல்லின் நடுவுக்குத் தள்ளிவிட்டால்?

கொரியத்தில் வலது பாதம் 'ஒருன்பல்', இடது பாதம் 'வென்பல்'. வலது கை 'ஒருன்ப்ஹல்', இடது கை 'வென்ப்ஹல்'. நான்குமே ஒட்டிச் சொல்லும் ஒரே சொற்கள். இங்கே ப-வுக்கு முன் மெல்லின மெய் வருகிறது. நம் 'கம்பம்', 'பாம்பு' என்பவற்றில் வருவதுபோல அந்தச் சாதாரண ப குரல் பெற்று அதிர்கிறது, அடைப்பு சட்டென்று முடிகிறது. முரட்டு ப அதிர்வதில்லை. நின்று, மூச்சோடு வெளிவருகிறது. அந்த இளம் பொறியாளரின் பதிவிலேயே கேட்டுப் பார்த்தேன். தனிச்சொல்லில் பிரிக்க முடியாமல் கிடந்த இரண்டும், ஒருன்பல், ஒருன்ப்ஹல் என்று சொன்னதும் மலையும் மடுவுமாகப் பிரிந்து நின்றன. தமிழ்க் காது கம்பத்தின் ப-வை எங்கிருந்தாலும் பிடித்துவிடும்.

ஆக, அன்றிரவு நான் 'வலதா, இடதா' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். முதலுதவிக்கு எப்படியும் கேட்க வேண்டிய கேள்விதான். அதன் பதிலில் மெய் தானாகவே சொல்லுக்குள் நகர்ந்து, நேரக்கணக்கு எனக்குச் சாதகமான இடத்துக்கு வந்திருக்கும். இதை விபத்துப் படிவத்தில் சேர்க்கச் சொல்லி மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். உடலின் எந்தப் பகுதி என்பதற்குப் பக்கத்திலேயே எந்தப் பக்கம் என்ற கட்டம், இரண்டையும் ஒரே சொல்லாகச் சொல்ல வேண்டும் என்ற குறிப்போடு. காரணத்தை விளக்கியபோது அவர் பல், ப்ஹல் என்று தனக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு பொறியாளரைக் கூப்பிட்டு அவரையும் சொல்லச் சொன்னார்.

பழகியது எப்படி

காதைத் திருத்த மூன்று மாதம் ஆனது. பதிவுகளில் முதல் மெய்யை முழுக்க வெட்டிவிட்டு, உயிரை மட்டும் வைத்து, எது என்று ஊகித்துப் பழகினேன். ஊசியும் சிலிர்ப்பும் போன பிறகு 'அல்' என்று மட்டும்தான் கேட்கும். அந்த 'அல்' தாழ்ந்து மூச்சாகத் தொடங்கினால் பாதம். உயர்ந்து தொடங்கினால் கை. உயர்ந்தும், இறுக்கமாகவும், தொண்டையை அழுத்தியதுபோலவும் தொடங்கினால் கெட்டி ஒலி. முதல் நாள் பாதிக்குப் பாதி தவறு. இரண்டாவது வாரத்தில் மெய் இல்லாமலே மெய் கேட்க ஆரம்பித்தது. இந்தப் பயிற்சியைக் கொரியம் படிக்கும் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன், காகிதத் துண்டு பயிற்சிக்குப் பிறகு.

வாய்க்கு வேறு வழி. பல் என்று சொல்லும் முன் குரலை மூட்டையை இறக்கிவைப்பதுபோலத் தாழ இறக்கி, அங்கிருந்து தொடங்கினேன். மூச்சைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டேன். மேலாளர் புருவம் சுருக்குவது நின்றது.

இந்த முறை எல்லாக் கொரியருக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு உல்சானிலிருந்து ஒருவர் மாற்றலாகி வந்தார், ஐம்பதைத் தாண்டியவர். உல்சான் கொரியாவின் தென்கிழக்கே கியோங்சாங் வட்டாரத்தில் இருக்கும் வாகனத் தொழில் நகரம், இந்தப் பக்கம் வரும் பலருக்கு ஊர் அதுதான். கியோங்சாங் பேச்சில் பழைய சுருதி இன்னும் உயிரோடு இருக்கிறது. சொல்லுக்குச் சொல் எந்த அசை உயர வேண்டும் என்று அங்கே ஏற்கெனவே வகுத்திருக்கிறார்கள். சுருதிக்கு அங்கே முழுநேர வேலை இருக்கும்போது, அதன் தலையில் மெய்யின் அடையாளத்தையும் ஏற்ற முடியாது. அதனால் அந்த வட்டாரத்தின் மூத்தவர்கள் இடைவெளியைக் கைவிடவில்லை.

அவர் வந்த இரண்டாம் நாளே பட்டியலை நீட்டி மைக்கை வைத்தேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். சிரித்துக்கொண்டே படித்தார்: பல், ப்ஹல், ப்பல்லி. திரையில் பல்லின் சிலிர்ப்பு ஒட்டினாற்போல் முடிந்தது, ப்ஹல்லின் சிலிர்ப்பு நீளமாக ஓடியது, என் பழைய டீச்சர் அம்மாவின் காகிதம் பறப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது. சுருதிக் கோடு வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. என் குறிப்பேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு சொல் எழுதிவைத்திருக்கிறேன். பொறியாளருக்கு 'சுருதி'. இவருக்கு 'இடைவெளி' என்று எழுதினேன். இரண்டுக்கும் அடியில் சிவப்பு மையில்: 'வலதா, இடதா, கேள்.'